மழைக்குள் பேசி முடித்த சம்பந்தம்

பெண் பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே நம் வீட்டு மின்விசிறி முதல் மிக்ஸி வரைக்கும் நோட்டம் விடுவார்கள். நான் கண்ட வழக்கம் அதுதான். என் மகள் விஷயத்தில் பையனுடைய அம்மா அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போத்தனூரில் இருப்பவர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மலையேறப் போகிறவர். "பலகாரத் தட்டு முன்னாடி எல்லாரும் நல்லவங்கதான் கண்ணு. அவங்கம்மாவ ரெண்டு நாள் எங்கூட மலைக்கு வரச் சொல்லு" என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பெண்ணை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துப் பார்த்தாகிவிட்டது. இனி பெண்ணின் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம்.

நாங்கள் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவர்கள். மலையை அதுவரைக்கும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் நீலமாகப் பார்த்ததோடு சரி. கணவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பார்த்து நான்கு தறிக்குப் புதுப் பாவு நூல் ஏற்ற வேண்டியிருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் அவருடைய தங்கைதான் வந்தாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியும் புருஷனின் தங்கையும் ஒருவரை ஒருவர் நங்கை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் நங்கை இருபது வருஷமாக என்னோடு அதே தறிக் குடோனில் நிற்பவள். எங்கே கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல் வருவாள். வந்து சேர்ந்த பிறகு நிறுத்தாமல் கேட்பாள்.

என் மகளும் அந்தப் பையனும் கோவையில் ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார்கள். இந்த ஆள் இல்லாவிட்டால் எனக்கு ஆளே வேண்டாம் என்று அவள் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. பையனை எங்களுக்கும் பிடித்திருந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் புராட்டஸ்டண்ட், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. தினமும் நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் பாதியை இவள் அவனுக்குக் கொடுப்பாள். அவன் ஒருநாள் அதில் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவுக்கு ருசி காட்டியிருக்கிறான். யார் செய்தது என்று அவர் கேட்க, அவன் என் மகள் பேரைச் சொல்லிவிட்டான். இவளும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை போத்தனூருக்குக் கொள்ளுப் பருப்பு போகிறது. என் மகளுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும். அணைக்கவும் தெரியும். நடுவில் நடப்பது தெரியாது.

நான் வாயைத் திறந்தால் இது எங்கேயாவது கசிந்துவிடும் என்று மகளுக்குப் பயம். கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ பேசாம இருந்தாலே பாதிக் கல்யாணம் முடிஞ்சுதும்மா. ஆமாங்க, இல்லைங்க, சரிங்க. இந்த மூணு போதும். நானும் அவங்க ஊட்டுக்குப் போனப்ப அப்படித்தான் இருந்தேன்" என்றாள். நங்கைக்கும் அதே சட்டம். கண் கலங்கி நின்ற பிள்ளையிடம் என்ன சொல்வது, சரி என்றோம்.

சனிக்கிழமை காலை பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் டீச்சரைப் பார்த்தேன். குள்ளமாக, நேராக, கட்டையாக வெட்டிய நரைமுடியோடு, சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக நின்றிருந்தார். வானிலையைக் கேட்டுப் பாதிப் பேர் வராமல் நின்றுவிட்டார்களாம். மிஞ்சியது டீச்சர், ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், புதிதாகக் கல்யாணமான ஓர் இளம் ஜோடி, நாங்கள் இருவர். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சொல்லிவைத்து, அவர்களுடைய பழைய குவார்ட்டர்ஸில் தங்க ஏற்பாடு. ஞாயிறு காலை எஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் புல்மேட்டுக்கு ஏற வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் வாயால் வாழ்கிறவள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி திருப்பூரில் இறங்குவதற்குள் அவள் மருமகள் என்ன பல்பொடி போடுகிறாள் என்பதுவரை கேட்டு வைத்துக்கொள்வேன். அன்றைக்கு டீச்சர் எது கேட்டாலும் அந்த மூன்றில் ஒன்றைச் சொன்னேன். பயணம் சிரமமில்லையே என்றார். இல்லைங்க. தறி எல்லாம் நன்றாக ஓடுகிறதா என்றார். ஆமாங்க. குளிருகிறதா, டீ போடச் சொல்லட்டுமா என்றார். சரிங்க. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அப்பால் போனார். பேச்சு உள்ளே சேர்ந்து சேர்ந்து எனக்கு வயிறு உப்பிக்கொண்டது. நங்கை எனக்கு எதிரே அமர்ந்து, பால் பொங்குவதற்கு முந்திய பாத்திரம் மாதிரி இருந்தாள்.

ஞாயிறு காலை மேகம் வாசற்படி வரை வந்து நின்றது. மேலாளர் தன் போனைத் தட்டிப் பார்த்து, மழைக்கு வாய்ப்பே இல்லை என்கிறது என்றார். வழிகாட்ட வந்த எஸ்டேட்காரர் வானத்தைப் பார்த்தார். "வருமுங்க. ஆனா வராமப் போனாலும் போகுமுங்க" என்றார். இப்படி இரண்டு பக்கமும் நிற்கிற பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். அவரைப் பாராட்டி நாலு வார்த்தை சொல்ல நாக்கு துடித்தது. சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

முதல் அரை மணி நேரம் தூறல். தேயிலைக் காட்டைத் தாண்டி ஜீப் போகும் மண் பாதையில் ஏறத் தொடங்கியதும் பிடித்தது பாருங்கள். அது மேலிருந்து பெய்கிற மழையாக இல்லை. பக்கவாட்டில் வந்தது, கீழேயிருந்தும் வந்தது. மழைக்கோட்டுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பாதையே ஆறாக ஓடியது. இளம் ஜோடி ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. மேலாளர் கையைக் குவித்து என்னவோ கூவினார். பொம்மலாட்டம்தான்.

எனக்கும் நங்கைக்கும் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தோள் தானாக இறங்கியது. பன்னிரண்டு தறியும் ஒன்றாக ஓடும்போது எங்கள் குடோனுக்குள் இதே இரைச்சல்தான். அதற்குள் நின்று யாரும் கத்தமாட்டார்கள். உதட்டை அசைப்போம், எதிராளி உதட்டைப் படித்துக்கொள்வார். கூடவே கை. மீசையை முறுக்கினால் என் கணவர் வருகிறார் என்று அர்த்தம். கம்மலைப் பிடித்து இழுத்தால் மாமியார். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. எங்கள் ஊரில் நடந்த சண்டை, கல்யாணம், கடன், காதல் எல்லாவற்றையும் நாங்கள் இப்படிச் சத்தமில்லாமல் பேசித் தீர்த்திருக்கிறோம். எங்கள் தறி மேஸ்திரி ஒருவர் சொல்வார்: "சத்தத்துக்குள்ள பேசுனா பொய் வராதுங்க, உதட்டுக்கு அவ்வளவு நேரமில்ல."

நங்கை என் பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது. ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்த பேச்சு அது. அணை திறந்தாயிற்று.

முதலில் மேலாளரின் அரைக்கால் சட்டையைப் பேசினோம். பிறகு இளம் ஜோடி ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நான்கு கோலும் நாலு பக்கம் போவதைப் பேசினோம். நங்கையின் கணுக்காலில் ஏறிய அட்டையைப் பேசினோம். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இவ்வளவு ரத்தம் எடுத்தும் ஒரு ரிசல்ட் தரமாட்டேன் என்கிறது என்றாள் அவள். சிரித்துச் சிரித்து எனக்கு மழைத்தண்ணீர் மூக்கில் ஏறியது. பிறகு டீச்சருக்கு வந்தோம். அவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பி எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"இந்தம்மா சிரிக்கோணும்னா லீவ் லெட்டர் குடுக்கோணுமாட்ட இருக்குது" என்று உதட்டால் சொன்னேன்.

நங்கை கம்மலை இழுத்துக் காட்டினாள். "உம்பட புள்ளை காலைல எந்திரிச்சு உள்ளேன் அம்மான்னு சொல்லோணும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இவளுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது என்று இந்தம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், போத்தனூருக்குப் போகிற கொள்ளுப் பருப்பு முழுக்க என் கைவேலை, கல்யாணத்துக்குப் பிறகு தினமும் ரயிலில் அனுப்ப முடியுமா என்று ஒன்றுவிடாமல் மழைக்குள் கொட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். எனக்குக் கால் வலிக்கவேயில்லை.

பாதை ஓர் ஓடையில் போய் நின்றது. சாதாரண நாளில் கணுக்கால் தண்ணீராம். அன்றைக்கு இடுப்பளவு, காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. குறுக்கே இரண்டு மரத்தைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். எஸ்டேட்காரர், டீச்சர், மேலாளர் மூன்று பேரும் ஒவ்வொருவராக அக்கரைக்குப் போய்விட்டார்கள். அடுத்தது நாங்கள். நங்கை ஒரு காலை மரத்தில் வைத்தாள். அக்கரையில் மேலாளர் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். வா என்கிறாரா போ என்கிறாரா தெரியவில்லை. வா என்று வைத்துக்கொண்டு நானும் ஒரு காலை வைத்தேன். அப்போது டீச்சர் முன்னால் வந்து, கையை உயரத் தூக்கி, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினார்.

தறிக்காரிக்கு அந்தச் சைகை மூளைக்குப் போகாது, நேராகக் கைக்கும் காலுக்கும் போகும். இரண்டு பேரும் பின்னால் துள்ளிக் கரையில் உட்கார்ந்துவிட்டோம். கண்ணெதிரே கட்டுக் கயிறு பிரிந்து, ஒரு மரம் உருண்டு, தண்ணீரோடு போயிற்று. தப்பித்தோம் என்று நாங்கள் மூச்சுவிடவில்லை. நங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தச் சைகை இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் அக்கரையில் ஒரு பாறைமேல் ஏறி, எங்களுக்கு நேராக நின்றார். எஸ்டேட்காரர் மேலே பம்ப் ரூமில் கயிறு இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டுப் போய்விட்டார். டீச்சர் நிதானமாக, சத்தமே இல்லாமல், எங்கள் குடோனில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி உதட்டை அசைத்தார். "எங்கப்பாவுக்கு சோமனூர்ல எட்டுத் தறிங்க. பதினேழு வயசு வரைக்கும் தறி நாடாவுக்கு நாந்தான் தார் நூல் சுத்துனேன்."

எனக்கு ஓடையில் குதித்துவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் கேட்டேன். "எங்கிருந்துங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"லீவ் லெட்டர்ல இருந்துங்க."

நங்கை மழைக்கோட்டுத் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். நான் கும்பிட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், என் பிள்ளைமேல் தப்பில்லை, எல்லாம் நான் செய்தது என்று உதடு தடுமாறச் சொன்னேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொள்ளுப் பருப்பு நீங்க வெச்சதுங்களா?"

"ஆமாங்க."

"அந்தக் கத்திரிக்கா?"

"அதுவுமுங்க."

டீச்சர் சிரித்தார். அவர் பல்லை நாங்கள் அப்போதுதான் முதல் தடவை பார்த்தோம். பிறகு, தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று தன் மகன் எங்களிடம் சொல்லியிருப்பானே என்றார். சொல்லியிருந்தான். அதைக் கேட்டுத்தான் என் கணவருக்குப் பையனைப் பிடித்துப்போனது. அவன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லையாம். கணக்கு சரியாகிவிட்டது என்று நான் நினைக்கும்போது டீச்சர் முகம் மாறியது.

"நேத்தைக்கே வேண்டாம்னு முடிவு பண்ணிப்போட்டனுங்க" என்றார்.

அங்கே வீட்டில் என் பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதனால் என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். வேகமாகச் சொன்னார், சில இடத்தில் மழை மறைத்தது, ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு விளங்கியது.

"உங்க புள்ளை எங்கூட்டுக்கு வந்துச்சு. ஒண்ணரை மணி நேரம். ஆமாங்க, இல்லைங்க, சரிங்க. நீங்க வந்தீங்க, அதே மூணு. எம்பையனோட அப்பா போயி நாலு வருசமாச்சுங்க. அவருதான் பேசுவாரு. எம்பையனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். ஊட்ல பிரிட்ஜ் ஓடறது மட்டுந்தான் கேக்குது. அதுல இன்னொரு பேசாத புள்ளையக் கொண்டாந்து எங்கீங்க உக்கார வெப்பேன்?"

நான் என் ஆயுளில் இவ்வளவு சுலபமான கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

"அவ பேச ஆரம்பிச்சா உங்க பிரிட்ஜே நின்னு கேக்குமுங்க" என்றேன்.

நங்கை தொப்பியைத் தூக்கிவிட்டு முன்னால் வந்தாள். "குளிக்கறப்பவும் பேசுவாளுங்க. கதவுக்கு வெளிய ஒரு ஆளு நின்னு உம் கொட்டோணும்."

நாங்கள்தான் வாயைக் கட்டிப்போட்டோம் என்பதைச் சொன்னேன். மகள் போட்ட சட்டத்தையும் சொன்னேன். டீச்சர் பாறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புத்தான். ஒருவேளை இரண்டும் இருக்கலாம், அந்த மழையில் யார் பிரித்துப் பார்ப்பது. நிமிர்ந்து, அந்தப் பிள்ளை தன்னிடம் என்னென்ன பேசும் என்று கேட்டார். நான் பட்டியல் சொல்ல ஆரம்பித்தேன். பூனை, சம்பளம், பேருந்தில் நடந்தது, கனவில் வந்தது, கனவில் வராதது. அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் எந்தச் சர்ச்சில், எங்களுடையதிலா அவர்களுடையதிலா என்று நங்கைதான் கேட்டாள். அதைக் கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. டீச்சர் தோளைக் குலுக்கினார். "உங்க சாமியாரும் எங்க சர்ச் ஐயரும் உக்காந்து பேசிக்கட்டுங்க. அவங்களுக்கும் ஒரு வேலை வேணுமில்லைங்க."

இதற்கிடையில் என் பக்கத்தில் நின்ற இளம் ஜோடியைக் கவனித்தேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார்கள். மூன்று பெண்கள் வெள்ளத்துக்கு முன் நின்று உதட்டை அசைத்தால் என்ன நினைப்பார்கள், பாவம். அக்கரையில் மேலாளரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, வழுக்கையில் மழை கொட்டக் கொட்ட நின்றிருந்தார்.

பசித்தது. நங்கையின் பையில் ஒப்புட்டு இருந்தது, வெல்லமும் பருப்பும் வைத்துத் தட்டியது, அலுமினியத் தாளும் பிளாஸ்டிக் கவரும் சுற்றி. அக்கரைக்காரர்களிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. தூக்கிப் போடு என்றார் டீச்சர். முதல் பொட்டலம் தண்ணீரோடு ஆழியாறு பக்கம் போய்விட்டது. இரண்டாவதை நங்கை, தறிக்கு மேல் நூல் சுற்றிய தார்க்குச்சி எறிந்த இருபது வருஷ அனுபவத்தில் எறிந்தாள். அது போய் மேலாளர் நெஞ்சில், தொப்பிக்குள்ளேயே விழுந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். டீச்சர் ஒரு ஒப்புட்டை எடுத்துத் தின்று, விரலை நக்கி, தன் பையைத் துழாவினார். நனைந்துபோன ஒரு பிஸ்கட் பொட்டலம் கிடைத்தது. அதை என்னை நோக்கி வீசினார். நான் முந்தானை இருக்கும் நினைப்பில் மழைக்கோட்டை விரித்துப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் உறைத்தது. எங்களில் இதற்குத் தட்டு மாற்றுவது என்று பெயர். பூவும் பழமும் வைத்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நின்று செய்ய வேண்டியது. என் கணவர் அங்கே பாவு ஏற்றிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கும் அது தெரிந்திருந்தது. பாறையிலிருந்து என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நங்கை பிஸ்கட்டைப் பிரித்து ஒன்றை என் வாயில் திணித்தாள். மழையில் ஊறிய பிஸ்கட் அவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

எஸ்டேட்காரர் கயிற்றோடு வந்தார். ஒரு முனையை எங்களிடம் வீசி, இரண்டு கரையிலும் மரத்தில் கட்டி, கையால் பற்றிக்கொண்டே முதலில் மேலாளரையும் அடுத்து டீச்சரையும் எங்கள் பக்கம் கடத்திவிட்டுத் தானும் வந்தார். இனி மேலே ஏறுவதில்லை, திரும்பிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் வந்து கரையேறும்போது நான் கையைக் கொடுத்தேன். மழையும் அப்போது பார்த்துச் சட்டென்று மெலிந்தது. திடீரென்று எல்லோர் குரலும் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நேரம் அத்தனை பேசியவர்கள், பக்கத்தில் நின்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம் வந்துவிட்டது. அவர் சுடிதாரைப் பிழிந்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

மேலாளர்தான் முதலில் பேசினார். "உங்க ஜெபந்தானுங்க எங்களைக் கரை சேத்துச்சு" என்று என்னைக் கும்பிட்டார்.

"ஜெபம் இல்லைங்க" என்றார் டீச்சர். "எம்பையனுக்குக் கல்யாணம் பேசுனோம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் துடைக்க ஈரமில்லாத துணி அந்த மலையிலேயே இல்லை. அப்படியே மாட்டிக்கொண்டு, பெண் வீட்டார் எங்கே என்று கேட்டார். நான் பிஸ்கட் பொட்டலத்தோடு கையைத் தூக்கினேன். அவர் என்னை, டீச்சரை, ஓடையை எல்லாம் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் விளங்காவிட்டாலும் சபை மரியாதை தெரிந்தவர்.

"ரொம்ப சந்தோசமுங்க. தேதி எப்பங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"அதப் பேசறதுக்குள்ள கவுறு வந்துபோச்சுங்க" என்றேன்.

கயிற்றை அவிழ்க்கப் போன எஸ்டேட்காரரை நங்கை தடுத்தாள். "அவுக்காதீங்க. டீச்சரம்மா, இன்னொருக்கா அந்தப் பக்கம் போயிட்டு வந்துருங்க."